முதலும் சினையும்: கணினி வரிப்படத்தில் உள்ளமை உருக்களைத் தெரிதல்

வரிப்படம் வரைதல் முன்னாளில் கூரிய பென்சிலும் அடிமட்டமும் கொண்டு நடந்த தொழில். தாளில் வரைந்த ஒரு கோட்டைத் "தெரிவு" செய்ய வேண்டிய தேவை அக்காலத்தில் எவர்க்கும் நேர்ந்ததில்லை. வேண்டாத கோட்டை அழிறப்பரால் அழித்துப் புதுக்கோடு இட்டதும் காரியம் முடிந்தது. கணினியில் வரையத் தொடங்கிய பின்னரே, "நீ குறித்தது எதனை?" என்னும் வினா வரைவோன்முன் வந்து நின்றது. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர் தரவுப் பாய்ச்சல் வரிப்படம் வரையுங்கால் இவ்வினாவை நாடோறும் எதிர்கொள்கின்றனர். கடல் கடந்து வாழும் பழைய மாணவருட் சிலரும், தாம் பிறந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து கணினியில் வரைந்து பிள்ளைகட்குக் காட்ட முயலுங்கால் இதனையே எதிர்கொள்கின்றனர். இருசாரார் முறைப்பாடும் ஒன்றே: சாளரத்தைத் தொட்டால் வீடு முழுதும் நகர்கின்றது; வீட்டைத் தொட்டால் சாளரம் மட்டும் கையோடு வருகின்றது. இஃது ஏன் நிகழ்கின்றது, இதனை ஆளும் வழி யாது என்பனவே ஈண்டு நாம் ஆராயப் புகுவன.

எடுத்துக்காட்டின்றி இப்பொருள் விளங்காது. ஆதலின் கொழும்புத்துறையில் ஒரு வளவை மனத்திற் கொள்வோம். யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், கடனீரேரியை அணைந்து கிடப்பது அவ்வூர். வளவின் அளவு 4 பரப்பு என்க. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பது நம் பகுதி வழக்காதலின் இது கால் ஏக்கர். ஏறத்தாழ 1,012 சதுர மீற்றர். நாற்புறமும் வேலி, பூவரசங் கதியால், தெருப்பக்கம் படலை. உள்ளே நாற்சார் வீடு ஒன்று. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதனைச் சூழ விறாந்தை, விறாந்தையைச் சூழ அறைகள், சாமியறை, நெல் வைக்கும் அறை. அடுக்களை சற்று விலகி நிற்கும். வளவின் மூலையிற் கிணறு. அறைகள் ஒவ்வொன்றிலும் கதவும் சாளரமும் உண்டு.

இதனைக் கணினியில் ஒழுங்காக வரைவோன், சாளரத்தையும் கதவையும் சுவரோடு சேர்த்து "அறை" என ஒரு தொகுதி ஆக்குவான். அறைகளையும் விறாந்தையையும் முற்றத்தையும் சேர்த்து "வீடு" என மற்றொரு தொகுதி ஆக்குவான். வீடு, அடுக்களை, படலை, வேலி யாவும் சேர்ந்து "வளவு" என்னும் பெருந்தொகுதியாகும். உரு, உருவைக் கொண்ட தொகுதி, தொகுதியைக் கொண்ட தொகுதி என நான்கு படிகள் இங்கு உள. இவ்வாறு ஒன்றனுள் ஒன்று அமைந்தவற்றையே உள்ளமை உருக்கள் என்கின்றோம்.

இனி, சுட்டியின் முனையைச் சாளரத்தின்மேல் வைத்து ஒருமுறை சொடுக்குகின்றோம். அம்முனையின் கீழ் இருப்பது சாளரம். அதே இடத்தில் அறையும் இருக்கின்றது, வீடும் இருக்கின்றது, வளவும் இருக்கின்றது. ஒரு புள்ளியில் நான்கு பொருள்! நாம் குறித்தது எது என்பதைச் சொடுக்கு மாத்திரையால் அறிதல் எவ்வறிவுடைப் பொறிக்கும் இயலாது. ஆதலால் மென்பொருள் ஆக்கியோர் ஏதேனும் ஒரு விதியை முன்னரே வகுத்து வைக்கின்றனர். அவ்விதி மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். விதியை அறியாது சொடுக்குவோனுக்கு அது பேய் பிடித்த கருவியாகத் தோன்றும். அறிந்தோனுக்கு அடங்கிய கருவியாகும்.

தமிழ் கற்றோர்க்கு இவ்விடர் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியல் இதனை முன்னரே எடுத்து ஆராய்ந்துள்ளது. முதற்பெயரும் சினைப்பெயரும் ஒரு தொடரில் வருங்கால், முதலோடு ஐ உருபு வரின் சினையோடு கண் உருபு வரும்; முதலோடு அது உருபு வரின் சினையோடு ஐ உருபு வரும் என்பது அங்குக் காணும் விதி. "வீட்டைச் சுவரின்கண் இடித்தான்" என்பது ஒரு முறை. "வீட்டினது சுவரை இடித்தான்" என்பது மற்றொரு முறை. இடிபட்டது ஒன்றே. ஆயினும் முதற்றொடரில் செயல் வீட்டின்மேற் செல்கின்றது, பின்னதிற் சுவரின்மேற் செல்கின்றது. இவ்வளவில் நில்லாது, முதல் என்றும் சினை என்றும் பொருளில் வேறுபாடு இல்லை, அவை சொல்லுவோன் குறிப்பைப் பற்றி அமைவன என்றும் அவ்வியல் கூறுகின்றது. வீட்டை நோக்கச் சினையாகிய சுவர், "சுவரினது சாளரத்தைப் பெயர்த்தான்" என்னுமிடத்துத் தானே முதலாகி விடுகின்றது. கணினித் திரையில் நாம் செய்யும் தெரிவும் இதுவே. அறை என்பது வீட்டுக்குச் சினை, சாளரத்துக்கு முதல். எப்படியில் நின்று பேசுகின்றோம் என்பதை வரைவோனே உணர்த்தல் வேண்டும். தமிழில் அதனை உருபு உணர்த்துகின்றது. கணினியில் விசையும் சொடுக்கும் உணர்த்துகின்றன.

உருவினுள் உருவை வைத்தல் என்னும் எண்ணம் கணினி வரைவின் தொடக்கத்திலேயே உள்ளது. 1963 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லாந்து என்பார் தம் கலாநிதிப் பட்டத்துக்காக ஆக்கிய "ஸ்கெச்பாட்" என்னும் செய்ந்நிரலில், ஒளிப்பேனாவைத் திரையிற் பிடித்து வரைதல் கூடுமாயிருந்தது. ஒரு மூலப்படத்தை வரைந்து, அதன் படிகளைப் பிறிதொரு படத்துள் அமைத்து, அப்படத்தையும் இன்னொன்றனுள் அமைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் படிகள் யாவும் தாமே திருந்தும். அறுபது ஆண்டுகட்கு மேலாகியும் இன்றைய மென்பொருள்கள் அக்கருத்தின் நிழலிலேயே நிற்கின்றன.

இனி மென்பொருள்களை நோக்குவாம். விசியோ என்பது 1992 இல் முதன்முதல் வெளிவந்து, 2000 ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதில் ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று ஒழுக்கங்களுள் ஒன்றை நாமே விதிக்கலாம்: தொகுதி மட்டுமே தெரிவாதல், தொகுதி முதலிலும் உறுப்புப் பின்னரும் தெரிவாதல், உறுப்பு முதலில் தெரிவாதல். நாம் ஒன்றும் விதிக்காதவிடத்து நடப்பது நடுவிலுள்ளது. சாளரத்தை ஒருமுறை சொடுக்கினால் வெளித்தொகுதி தெரிவாகும். அங்கேயே மீளச் சொடுக்கினால் உள்ளே இறங்கும். விரைந்து இருமுறை சொடுக்குதல் வேறு, ஒருமுறை சொடுக்கிச் சற்று நிறுத்தி மறுமுறை சொடுக்குதல் வேறு. விரைந்து சொடுக்கினால் எழுத்துத் திருத்தும் பெட்டி திறந்து கொள்ளும். ஓர் உறுப்பைத் தெரிந்தபின் ஷிவ்ற் விசையை அமர்த்திக்கொண்டு அத்தொகுதியின் மற்றோர் உறுப்பைச் சொடுக்கினால் இரண்டும் சேர்ந்து தெரிவாகும்.

லிப்ரே ஒபிஸ் தொகுப்பில் உள்ள "ட்றோ" விலையின்றிக் கிடைப்பது, பாடசாலைகட்கு ஏற்றது. அதன் முறை வீட்டுக்குள் நுழைவது போன்றது. தொகுதியைத் தெரிந்து விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள எவ்3 விசையை அழுத்தினால், அல்லது தொகுதிமேல் இருமுறை சொடுக்கினால், அதனுட் புகுவோம். புகுந்தபின் உள்ளிருப்பன மட்டுமே கைக்கு அகப்படும். கொன்றோல் விசையோடு எவ்3 ஐ அழுத்தினால் ஒரு படி வெளியே வருவோம். படலையைத் திறந்து வளவுக்குள், தலைவாசல் கடந்து வீட்டுக்குள், கதவைத் தள்ளி அறைக்குள் என்று படிப்படியாகச் செல்லும் ஒழுங்கு இது. தவறு நேர்தல் அரிது. ஆனால் ஓர் அறைக்குள் நிற்போன் அடுத்த அறையின் சாளரத்தைத் தொட முடியாதன்றோ! கீழைச்சார் அறையின் சாளரத்தையும் மேலைச்சார் அறையின் சாளரத்தையும் ஒருங்கே தெரிந்து ஒரே நிறம் ஊட்ட விரும்புவோனுக்கு இவ்வழி உதவாது.

அத்தகையோனுக்கு உதவுவது இங்க்ஸ்கேப். 2003 இல் தோன்றிய இதுவும் விலையற்றதே. இதில் கொன்றோல் விசையை அமர்த்திக்கொண்டு சொடுக்கினால், எத்தனை படி உள்ளே இருந்தாலும் கடைசி உறுப்பு நேரே தெரிவாகும். கொன்றோலும் ஷிவ்ற்றும் சேர அமர்த்திச் சொடுக்கிக்கொண்டே சென்றால், வெவ்வேறு தொகுதிகளில் உள்ள சாளரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிவிற் சேரும். தொகுதி எதுவும் குலைவதில்லை. நம் கருத்தில், பல உள்ளமை உருக்களை ஒருங்கே தெரிதற்கு இதனினும் நேரிய வழி பிற மென்பொருள்களிற் கண்டிலேம். மாணவர் இம்மூன்றனுள் ஒன்றனை மட்டும் பயில நேரின் இதனையே பயில்க என்போம்.

சட்டம் இழுத்துத் தெரிதலும் உண்டு. வெற்றிடத்திற் சுட்டியை அமர்த்திக் குறுக்கே இழுத்தால் ஒரு நாற்சதுரச் சட்டம் விரியும். அதனுள் முழுதும் அடங்கியவை தெரிவாகும். பாதி அடங்கியவை தெரிவாகா என்பதே பெரும்பாலும் விதி. விசியோவில் இவ்விதியை மாற்றிக்கொள்ளலாம். இங்க்ஸ்கேப்பில், ஒன்றும் தெரிவில் இல்லாதபோது ஓல்ற் விசையை அமர்த்தி இழுத்தால் கோடு தொட்டவை யாவும் தெரிவாகும். தொடக்கநிலை மாணவர் இடருறுவது எங்கெனில், சட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதில். வளவுக்குள் வெற்றிடம் என்று நாம் நினைக்கும் முற்றம், கணினிக்கு வெற்றிடமன்று. அது வளவு என்னும் உருவின் உடல். அங்கே சுட்டியை அமர்த்தி இழுத்தால் சட்டம் விரியாது, வளவே பெயர்ந்து செல்லும். ட்றோ.ஐஓ என்னும் இணையவழி மென்பொருளில் ஓல்ற் விசையும், இங்க்ஸ்கேப்பில் ஷிவ்ற் விசையும் அமர்த்தி இழுத்தால் உருவின்மேலேயே சட்டம் தொடங்கும். இச்சிறு செய்தி அறியாமையாற் கழிந்த மாலைகள் எத்தனையோ!

கோயில் அமைப்பு வரைவோர்க்கு வேறோர் இடர். கருவறையைச் சூழ மண்டபம், மண்டபத்தைச் சூழ உள்வீதி, உள்வீதியைச் சூழ வெளிவீதி எனச் சதுரத்துட் சதுரமாக வரும் படத்தில், வெளிச் சதுரத்தைப் பின்னர் வரைந்து நிறமும் ஊட்டிவிட்டால், அஃது உள்ளவற்றை மூடி நிற்கும். ஓல்ற் விசையோடு சொடுக்கினால் மேலுள்ளதை விடுத்து அதன் கீழுள்ளதை ட்றோவும் இங்க்ஸ்கேப்பும் தெரியும். லினக்ஸ் இயங்குதளம் சிலவற்றில் ஓல்ற் சொடுக்கைச் சாளர மேலாளர் தானே விழுங்கிவிடும். அங்கு அமைப்பை மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

இதுகாறும் கூறியவை கருவியின் இயல்பு. இனிக் கூறப்போவது வரைவோன் அறிவுக்குரியது.

உள்ளே கிடத்தலும் உள்ளுறுப்பாதலும் ஒன்றல்ல. வேலிக்குள் ஒரு வட்டம் வரைந்து கிணறு என்று பெயரிட்டோம். கண்ணுக்கு அது வளவுக்குள் இருக்கின்றது. ஆயின் தொகுதியிற் சேர்க்காதவிடத்து, வளவை நகர்த்தினால் வளவு சென்றுவிடும், கிணறு தனியே நிற்கும். மறுதலையாக, தொகுதியிற் சேர்த்த ஒன்றை வேலிக்கு அப்பால் இழுத்து வைத்தாலும் அது வளவின் உறுப்பாகவே இருக்கும். விசியோவில் 2010 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வந்துள்ள "கொள்கலம்" என்னும் அமைப்பு இவ்விடைவெளியை ஓரளவு குறைக்கின்றது. கொள்கலத்துள் இட்டது அதன் உறுப்பாகும். ஆயினும் ஒரே சொடுக்கில் தெரிவாகும். கொள்கலத்தை நகர்த்தினால் உடன் வரும்.

கிணற்றையே மேலும் நோக்குவோம். நம் ஊர்க் கிணறுகள் பல பங்குக் கிணறுகள். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை சீதனம், முதுசம், தேடிய தேட்டம் என்று உடைமையை வகுத்துரைக்கின்றது. தலைமுறைதோறும் வளவு பிள்ளைகட்குப் பங்காகும்; நிலம் பங்காகும்போது கிணறு பங்காகாது. ஆதலால் உறுதிகளிற் பங்குக் கிணறும் வழி வாய்க்காலும் தனியே எழுதப்பெறுகின்றன. நம் 4 பரப்பு வளவு முன்னர் 12 பரப்பாக இருந்து மூன்று பெண்மக்கட்குச் சமமாய்ப் பிரிந்தது என்று கொள்வோம். கிணறு கிடப்பது ஒரு பங்கின் மூலையில்; உரிமையோ மூவர்க்கும். கணினியில் ஓர் உரு ஒரே தொகுதிக்குத்தான் உறுப்பாதல் கூடும். கிணற்றை எவ்வளவிற் சேர்ப்பது?

மூத்தவள் வளவிற் சேர்த்தால், அவ்வளவை அழிக்கும்போது கிணறும் அழியும். மற்றை இருவர் படமும் நீரின்றி நிற்கும். தக்க வழி, கிணற்றையும் வழி வாய்க்காலையும் எவ்வளவிலும் சேர்க்காது மூன்று வளவுகட்கும் மேலான படியில் "பொது" எனத் தனித்தொகுதி ஆக்குதலே. அதன்மேல் "படை" என்னும் வசதியையும் பயன்படுத்தலாம். விசியோவில் ஓர் உரு ஒன்றுக்கு மேற்பட்ட படைகளிற் சேர்ந்திருத்தல் கூடும். "நீர்நிலை" என்னும் படையிலும் மூன்று பங்குகளுக்குரிய படைகளிலும் அக்கிணற்றை ஒருங்கே பதியலாம். பின்னர், வகையால் தெரிதல் என்னும் கட்டளையால் ஒரு படையிலுள்ள யாவற்றையும் ஒரே அசைவில் தெரிந்துகொள்ளலாம். தொகுதி இருப்பிடத்தைச் சொல்லும், படை உறவைச் சொல்லும். இரண்டையும் ஒன்றென மயங்குவோர் வரையும் படங்கள் பின்னர்த் திருத்த ஒண்ணாதவாறு முடிச்சு விழுகின்றன.

முடிச்சு விழுந்தபின் பலர் செய்வது, தொகுதி முழுவதையும் குலைத்து, வேண்டிய உருக்களைத் தெரிந்து, மீளக் கட்டுதல். இதனை நாம் வன்மையாக மறுக்கின்றோம். விசியோவிற் குலைத்த தொகுதி, தான் கொண்டிருந்த தரவுகளையும் மூலப்படத்தோடு தனக்கிருந்த தொடர்பையும் இழந்துவிடும். மீளக் கட்டினாலும் அவை திரும்பா. ஒரு சாளரத்துக்கு நிறமூட்ட வீட்டை ஓடு ஓடாகக் கழற்றுவாரும் உளரோ?

உருக்களுக்குப் பெயரிடுதல் மற்றொரு காப்பு. லிப்ரே ஒபிஸில் எவ்5 விசையை அழுத்தினால் பெயர்ப் பட்டியல் ஒன்று திறக்கும். இங்க்ஸ்கேப்பிலும் உருக்களின் கிளைப்பட்டியல் உண்டு. படத்திற் கைக்கு அகப்படாத உருவைப் பட்டியலிற் பெயர் சொல்லிப் பிடிக்கலாம். ஆயின் எல்லா உருவும் "செவ்வகம்" என்றே இருக்குமாயின் பட்டியலாற் பயன் என்ன? "கீழைச்சார் அறை, வடக்குச் சாளரம்" என்றாற்போல் இருப்பிடம் தோன்றப் பெயரிடுதல் வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் ஏன் என்பார்க்கு ஒரு கணக்குக் காட்டுவோம். 200 இல் ஒரு பங்கு அளவுத்திட்டத்தில் வரைந்த படத்தில் 1 மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 20 சதமமீற்றர். வேலியின் நீளம் 30 மீற்றர் ஆயின், படத்தில் வேலி ஒரு மில்லிமீற்றர் பிசகினால் 6 சதுர மீற்றர் நிலம் அயலவன் பக்கம் போய்விடும்! வீட்டைத் தெரிய எண்ணி வேலியையும் உடன் தெரிந்து ஓர் அம்பு விசையை அழுத்தினால் இது நிகழும். நிகழ்ந்தது கண்ணுக்கும் தெரியாது. வேலிச் சண்டை இன்னதென்று நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எல்லையை நிறுவுவது அனுமதி பெற்ற நில அளவையாளரின் படமேயன்றி நாம் வரையும் படமன்று. ஆயினும் 1995 ஒற்றோபர் 30 ஆம் நாள் தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் உறுதிகளையும் படங்களையும் விட்டுச் சென்றோர் பலர். திரும்பியோருட் பலர் கண்டது கூரையற்ற சுவர்களை. அத்தகைய குடும்பங்களில், நினைவு தெளிந்த முதியோர் சொல்லச் சொல்ல இளையோர் வரையும் படமே இன்று அவ்வீட்டின் ஒரே உருவமாக உள்ளது. முற்றம் எத்தனை முழம், சாமியறை எப்பக்கம், கிணற்றுக்குச் செல்லும் வழி எவ்வேலியோரம் என்பன சொல்லக்கூடியோர் தொகை ஆண்டுதோறும் குறைகின்றது. அப்படத்தில் ஓர் அறை தவறிப் பெயர்ந்தால், அதனைச் சுட்டித் திருத்த நாளை எவரும் இரார்.

ஆகவே ஒன்றை நகர்த்துமுன், தெரிவில் இருப்பது யாதென்று வாசித்தறிக. இங்க்ஸ்கேப்பின் அடிவரியில் எத்தனை உருக்கள், எவ்வகையின, எத்தொகுதியின என்று எழுதிக் காட்டப்படும். அதனைப் படியாமல் விசையைத் தொடுதல் ஆகாது. ஐயம் எழுந்தால் ஒருமுறை நகர்த்திப் பார்த்து, கொன்றோலோடு இசெட் விசையை அழுத்தி உடனே மீள்க. வேலியையும் எல்லைக் கல்லையும் வரைந்து முடித்தவுடன் பூட்டிவிடுதல் நன்று. பூட்டிய உரு சுட்டிக்கு அசையாது.

மாணவர்க்கு ஒரு பயிற்சி தந்து முடிப்போம். மேற்கூறிய மூன்று வளவுகளையும் ஒரு தாளில் வரைக. ஒவ்வொரு வீட்டிலும் நான்கு அறைகளும், அறைக்கு இரண்டு சாளரங்களும் அமைய வேண்டும், கிணறு ஒன்றே. தொகுதி எதனையும் குலைக்காமல், வடக்கு நோக்கிய சாளரங்கள் யாவற்றையும், அவற்றோடு கிணற்றுக் கட்டையும் ஒருங்கே தெரிந்து நீலநிறம் ஊட்டுக. பின்னர் நடு வளவை மட்டும் 2 சதமமீற்றர் கீழே இறக்குக. கிணறு இருந்த இடத்தில் இருக்கின்றதா, நடு வீட்டின் சாளரங்கள் நிறம் மாறாமல் வீட்டோடு வந்தனவா என்று நோக்குக.